பிக்கப்புக்குக் காய்ச்சல்

மார்ச் 3, செவ்வாய்

பிக்கப்பில் ஆறாவது மீட்டரையும் பொருத்தியாயிற்று. இது புகைக்குழாயின் சூட்டைக் காட்டும். எழுநூறு டிகிரியைத் தாண்டினால் எஞ்சினுக்கு ஆபத்து. மனைவி எட்டிப் பார்த்தாள். “எங்க ஐ.சி.யூ.வுலகூட ஒரு ஆளுக்கு இத்தனை மாட்ட மாட்டோம்!” நர்ஸ் அப்படித்தான் சொல்வாள்.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் வண்டிப் பந்தய கிளப்பின் மலைச்சாலை ஒத்திகை. பாதி ஏற்றத்திலேயே 790! வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மாட்டி, சூடு இறங்கட்டுமென்று எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்தேன்.

பந்தயம் 22ஆம் தேதி. போன வருடம் 3 நிமிடம் 9 விநாடி. இந்த முறை மூன்று நிமிடத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால், பிக்கப்பை விற்றுவிட்டு ஒழுங்காக ஒரு கார் வாங்குவதாக எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். யார் என்னைக் கேட்டார்கள்?

மார்ச் 11, புதன்

780. இன்னும் குறைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

இன்னும்.

மார்ச் 15, ஞாயிறு

690. அப்பாடா! ஆனால் நேரம் 3.31. வாங்கிய புதிதில்கூட இதைவிட வேகமாக ஓடிய வண்டி. ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் மனைவியின் அண்ணன். “மாப்பிள, நடுவுல எங்கயாவது நிறுத்தி டீ குடிச்சீங்களா?”

பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி வேறு, “மீட்டரையே பாத்துக்கிட்டு ஓட்டுறீங்க. ரோடு ஒண்ணு இருக்குங்க” என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

விற்பனை விளம்பரத்துக்குப் படம் எடுத்தேன். வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அழுகை வந்தது. எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 19, வியாழன்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவள், நான் வருவதற்குள் ரேடியோ கேட்கலாமென்று பிக்கப்பில் ஏறிச் சாவியை லேசாகத் திருப்பியிருக்கிறாள்.

“என்னங்க, இங்க வாங்க. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, இந்தச் சூட்டு மீட்டர்ல 195 காட்டுது!”

இரவெல்லாம் சும்மா நின்ற வண்டி. தொட்டுப் பார்த்தேன். புகைக்குழாய் ஜில்லென்று இருந்தது.

“ஆளு ஜில்லுனு இருக்கான், காய்ச்சல் நூத்தி ஆறுன்னா நாங்க தெர்மாமீட்டரத்தான் மொதல்ல மாத்துவோம். நீங்க ரெண்டு வாரமா அவனப் பட்டினி போட்டிருக்கீங்க!”

சென்சார் ஒயரில் நான் முறுக்கி டேப் சுற்றிய இடம் — உள்ளே கம்பி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. நூற்றெழுபது டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. ஊரிலுள்ள ஏ.சி.யெல்லாம் ரிப்பேர் பார்ப்பவன் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சென்சாரைத்தான் சோதிப்பேன். சொந்த வண்டி என்றதும் புத்தி எங்கே போயிற்று? நன்றாக அசடு வழிந்தேன். கம்பியைச் சேர்த்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். மீட்டரில் 25.

மார்ச் 21, சனி

டீசலைப் பழையபடி ஏற்றினேன். பிய்த்துக்கொண்டு போகிறது! மீட்டரில் 640தான்.

“நாளைக்கு நானும் ஒரு தடவ ஓட்டட்டுமா?” என்றாள். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டலாம் என்று கிளப் விதி இருக்கிறது. சரி என்றேன். பாவம், ஆசைப்படுகிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

2.57! மச்சான் என்னைத் தூக்கியே விட்டார். விளம்பரப் படத்தை அந்த இடத்திலேயே அழித்தேன்.

அடுத்து அவள். “மீட்டர நீங்க பாத்துக்குங்க, நான் ரோட்டப் பாக்குறேன்.” உச்சியில் இறங்கினால் மச்சான் ஸ்டாப்வாட்சை உதறிக்கொண்டிருந்தார்.

“தப்பாக் காட்டுதா மச்சான்?” என்றேன் ஆசையாக.

“இல்ல மாப்பிள. 2.49.”

மார்ச் 23, திங்கள்

காலையில் பிக்கப்பில் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அவள் உயரத்துக்கு முன்னால் இழுத்த இருக்கை. பின்னால் தள்ளக் கை போனது.

தள்ளவில்லை. இறங்கிச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவளைக் கூப்பிட்டேன்.