பெட்டியை விட்டு வெளியே வந்த ஷூ

கிம்பால், இலோயிலோ
திருவிழா முடிந்த புதன்கிழமை

அன்பு மகள் ஐசலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கோழிகள் நலம், உன் அப்பா நலம், அவருடைய முழங்கால் எங்கள் எல்லோரையும் விட நலம். அங்கே வின்னிபெக்கில் பனி குறைந்ததா, இரவுப் பணி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தானே தூங்குகிறாய்? எதிர்வீட்டு ரோசேலின் மகன் நாளை உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான், அவனிடம் கருவாடும் உலர்ந்த மாம்பழமும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறு, போன தடவை மாதிரி பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடப் போகிறாள். போனில் பேசினால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் இந்தச் சேதியைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ரப்பர் செருப்போடு கூடைப்பந்து ஆடாதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்தினேன், ஊரே அப்படித்தான் ஆடுகிறது என்பார். போன வருடம் அந்தச் செருப்போடு எம்பிக் குதித்து முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டதும், ஆபரேஷன் ஆனதும், நீ அழுதுகொண்டே ஷூ வாங்கி அனுப்பியதும் உனக்குத் தெரிந்ததே. தெரியாதது என்னவென்றால், அந்த ஷூ இன்னும் தரையைத் தொடவில்லை. பிசியோதெரபி பெண் ஜோவெலின் இவரைப் படி ஏற்றி இறக்கி, ஒற்றைக் காலில் குதிக்க வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கால் ரெடி, இனி தாராளமா ஆடுங்க" என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இவர் ஆட வேண்டுமே! இன்றைக்கு மழை வரும் என்பார், நாளைக்குச் சேவலுக்கு உடம்பு சரியில்லை என்பார், ஷூவை எடுத்துத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன். "குதிச்சா அந்த டப்புங்கற சத்தம் மறுபடி கேக்குமோன்னு இருக்குடி" என்றார். இத்தனை வருடம் போகாதே என்று கத்தியவள், இந்த மனுஷன் இனிமேல் போகவே மாட்டாரோ என்று பயந்துபோனேன். பந்து இல்லாத உன் அப்பாவோடு வீட்டில் காலம் தள்ள என்னால் ஆகாது, ஐசல்.

அப்போதுதான் உன் அப்பா ஆடும் அணியின் அழகிக்கு அம்மை போட்டது. ரோசேலின் தங்கை மகள் கிறிஸ்டல்தான் இந்த வருடம் தோளில் குறுக்கே அணிப் பெயர் எழுதிய பட்டை போட்டுக்கொண்டு அணிக்கு முன்னால் நடப்பதாக இருந்தாள். அழகி இல்லாமல் எந்த அணி நம் ஊர் மைதானத்துக்குள் நுழைந்திருக்கிறது? விடிந்தால் திருவிழாப் போட்டியின் தொடக்க நாள், கேப்டன் நோனோய் தன் முச்சக்கர வண்டியில் வீடு வீடாய் அலைந்துவிட்டு நம் வாசலில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நான் நடக்கிறேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஆனால் என் கையைப் பிடித்து வருகிறவர் முறைப்படி ஆட்டக்காரராக இருக்க வேண்டும், அது என் புருஷன்தான், அவர் சட்டையும் ஷூவும் போட்டு வர வேண்டும் என்றேன். நோனோய்க்குப் புரிந்துவிட்டது, "அப்ப அண்ணன் பேரையும் ஆட்டக்காரங்களோட சேத்துடறேன் அக்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உன் அப்பா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே ஷூ கயிற்றைக் கட்டினார்.

உன் பட்டமளிப்புக்குத் தைத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டேன், முதுகில் ஜிப் பாதியில் நின்றுவிட்டது, பட்டையால் மறைத்தோம். மீன் மார்க்கெட் ஆட்கள், "அழகிக்குப் பேரன் எடுக்கிற வயசு, நடையைப் பாருடா" என்று விசிலடித்தார்கள். நான் கையசைத்தேன்! அணிவகுப்புக்குப் பிறகு நடந்த ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நம் ஆள் ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பெஞ்சில் இவரைத் தவிர வேறு ஆள் இல்லை. "அண்ணே, சும்மா நின்னா போதும், வாங்க" என்று நோனோய் இழுத்தான். இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி விசிறிக்கொண்டேன், உள்ளுக்குள் என் உயிர் என்னிடம் இல்லை. பந்து நேரே இவர் கைக்கு வந்தது. குதித்தார். பெரிய குதிப்பெல்லாம் இல்லை, கோழி வேலி தாண்டுகிற அளவுதான். அந்தக் காலிலேயே இறங்கினார். பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று, அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரணி அந்தப் பந்தையே கொண்டுபோய்ப் போட்டு ஜெயித்தது. இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினார். நோனோய் திட்டினான். நான் அழுத அழுகையில் கண் மை பட்டையெல்லாம் வழிந்துவிட்டது.

அன்று ராத்திரி ஐஸ் மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்கிறார். ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டுவிட்டேன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பாலன் இயேசு உன்னைக் குளிரிலும் தனிமையிலும் கைவிடாமல் காக்கட்டும். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. ஐசலிடம் நானேதான் சொல்வேன் என்று அப்பா எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார், ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள். பந்து வளையத்துக்குள் விழுந்தது என்பார். விழுந்தது என்றே வைத்துக்கொள்.

உன் அம்மா,
பெர்லிட்டா
(இந்த வருட அழகி)