பெயர்த்தால் பிழைப்பது

ஹான்யா, 2 செப்டம்பர் 1996

அன்புள்ள ஆர்வெட்,

உங்கள் பங்கு உப்புக்காளான் தனி ஜாடியில் இருக்கிறது. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதரோடு தபால்காரர் வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது!

என் கணவர் போன பிறகு நான் தனியாக இருக்கக் கூடாதென்று மகன் தீத் தாலின் நகரத்துக்குக் கூப்பிடுகிறான். இங்கேயே இருக்கச் சொல்ல ஒருவர் இருந்தால் இருந்துவிடுவேன். "பால்கனிக்கு ஒரு செடி மட்டும் கொண்டு வாம்மா" என்கிறான். வேலியோர நேசினீனா, கிணற்றடிப் பெரணியா? தாவரவியல் ஆசிரியர் நீங்கள்தானே, சொல்லுங்கள்.

ஹில்யா


9 செப்டம்பர்

மதிப்பிற்குரிய ஹில்யா அவர்களுக்கு,

நன்றாக யோசித்தேன், ஆனாலும் தவறியிருக்கலாம். நேசினீன் அபூர்வமான புதர். பனி கரையும் முன்பே, இலை விடாத கொம்பில் இளஞ்சிவப்பாகப் பூத்து மணக்கும். ஆனால் பழம் நஞ்சு. அங்கே பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். தோண்டச் சட்டமும் விடாது. பெயர்த்தால் பட்டும் போகும். பெரணிக்குப் பூவில்லை, மணமில்லை. நிழலில் பேசாமல் இருக்கும். வேர்மண்ணோடு எடுத்தால் எங்கேயும் பிழைக்கும்.

ஆகவே பெரணி. ஈரச் சாக்கில் சுற்றவும்.

தங்கள்,
ஆர்வெட்


20 செப்டம்பர்

அன்புள்ள ஆர்வெட்,

"என்னம்மா, அந்த வாத்தியார் என்ன சொன்னாரு?" என்றான் தீத்.

"வேரைப் பத்திச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"சாக்கைப் பத்தியும் சொன்னாரு."

ரொம்ப நேரம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஞாயிறு காலை லாரி வருகிறது. பெரணியைத் தோண்ட நீங்கள் வந்தால் நல்லது.

ஹில்யா


6 ஏப்ரல் 1997

அன்பு ஹில்யா,

அந்த ஞாயிறன்று மண்வெட்டியோடு பிர்ச் மரங்கள் வரை வந்தேன். லாரிக்குப் பக்கத்தில் உங்களைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

நேசினீன் பூத்திருக்கிறது. பூட்டிய வீட்டின் முன்னால் அந்த மணத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. திரும்பி வந்துவிடுங்கள்.

ஆர்வெட்


தாலின், 11 மே

அன்புள்ள ஆர்வெட்,

தீத்தே தோண்டிக் கொடுத்தான். பெரணி பால்கனியில் சுருள் சுருளாகத் துளிர்க்கிறது. சின்னவள் தினமும் தண்ணீர் ஊற்றி, "பாட்டி, இன்னொண்ணு விரிஞ்சிடுச்சு!" என்று கத்துகிறாள். நீங்கள் எழுதியது சரிதான், எங்கேயும் பிழைத்துவிடுகிறது.

இன்னொரு தடவை அதைப் பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

காளான் ஜாடி கிணற்றடியில், கல்லுக்குப் பின்னால் வைத்தேன். எடுத்துக்கொண்டீர்களா?

ஹில்யா