நான் படிக்காமல் விட்ட படிவம்

இன்று காலை மேசை இழுப்பறையை ஒழித்தபோது உன் சரிபார்ப்புப் படிவத்தின் நகல் கிடைத்தது. மடிப்பில் மை மங்கிவிட்டது. வரைபடக்காரனுக்கே உரிய உன் கையெழுத்து மட்டும் கோடு பிசகாமல் நிற்கிறது.

அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உன்னைப் போர்க்கப்பல் வரைபட அறைக்கு மாற்றவிருந்தார்கள். அதற்குப் பாதுகாப்பு கிளியரன்ஸ் வேண்டும். உன்னைப் பற்றி விசாரிக்க நீ கொடுத்த பெயர் என்னுடையது. ஜாதவ்பூர் டீக்கடையில் இந்த நகலை நீட்டி, "கேக்க வருவாங்க, படிச்சு வெச்சுக்கோடா" என்றாய்.

"உன்னைப் பத்தி நான் படிச்சா தெரிஞ்சுக்கணும்?" என்று மடித்துப் பையில் வைத்தேன். ஊரார் காகிதங்களை வரி விடாமல் படித்துப் பிழைத்த நிருபர் நான்.

அதிகாரி சால்ட் லேக்கில் என் வீட்டுக்கு வந்தார். சாதுவான வங்காளி. நீ குடிப்பாயா என்று கேட்டார்.

"தொட்டதே இல்லை" என்றேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

அவர் பேனாவை மூடினார். "சார், 'தினமும் குடிச்சேன், மூணு மாசம் சிகிச்சையில இருந்தேன், விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு'ன்னு அவரே எழுதியிருக்காரே. குடிச்சு விட்டவருக்கு அனுமதி கிடைக்கலாம். மறைக்கிற ஆளை எவனாவது மிரட்டி ரகசியத்தை வாங்கிடுவான். இப்ப நான் யாரை நம்பறது?"

கோப்பு நின்றது. உன்னை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். "அண்ணா, பழைய சாராயக் கடை வழியாவே வீட்டுக்கு வர்றார். பயமா இருக்கு" என்று உன் மனைவி போன் செய்தாள்.

என் வார்த்தையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். தினமும் மாலையில் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நீ ஒரே ஒரு முறைதான் கோபித்தாய். "அந்த நாலு வரி எழுத எனக்கு நாலு நாள் ஆச்சுடா. ஒரே வார்த்தையில அழிச்சிட்டே." பிறகு நீயே, "திருத்தத்தை எங்க போட்ட? உங்க பேப்பர்ல போடற மாதிரி உள்பக்கத்துல, பொடி எழுத்துலயா?" என்று சீண்டினாய்.

ஐந்தாம் மாதம் அதிகாரி மறுபடியும் வந்தார். "இப்ப குடிக்கிறாரா?"

"நேற்று சாயங்காலம் ஏழரை வரை இல்லை. அதுவரை கூட இருந்தேன். அதற்குப் பிறகு தெரியாது."

அப்படியே எழுதிக்கொண்டார். உன்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "என்னைப் பத்தி எனக்கே அவ்வளவுதாண்டா தெரியும்."

கிளியரன்ஸ் வந்தது. ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தாய்.

யாரைப் பற்றிக் கேட்டாலும், எதுவரை தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன் இப்போது. உன்னைப் பற்றிக் கேட்க இனி யாரும் வரப்போவதில்லை. வந்தால், நீ இருந்தவரை சொல்ல முடியாததைச் சொல்வேன். ஆஸ்பத்திரியில் உன் கடைசி மாலையிலும் பக்கத்தில் இருந்தேன். கடைசிவரை நீ குடிக்கவில்லை.