ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி

பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. புளி உடைத்து முடியவில்லை.

பேத்தி ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. சாயாவும் வேண்டாமாம். கிராஃப் தாளைக் கட்டிலில் எறிந்தாள். சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. ஒரு வாரம் காலை ஆறு மணிக்குக் கிணற்றில் கல் கட்டின கயிறு இறக்கி, நனைந்த நீளத்தை இஞ்சுக் கணக்கில் அளந்து, நாளுக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்தது. சயின்ஸ் டீச்சர் சொன்னாளாம், "இது அளந்ததில்ல, இட்டுக்கட்டினது." கண்காட்சியில் வைக்க மாட்டாளாம். வகுப்பே சிரித்ததாம்.

டீச்சர் யாரென்று விசாரித்தேன். தங்கலீலாவின் மகள். அப்படியா சங்கதி.

பிப். 5, புதன்

தங்கலீலா. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள். தன் சிலேட்டைத் தானே போட்டு உடைத்துவிட்டு என்னைக் கைகாட்டினாள். பிரம்பால் ஆறு அடி. இடது கையில் நாலு, வலதில் இரண்டு. அவள் அன்று மஞ்சள் பாவாடை, ஓரத்தில் சாணிக் கறை. நான் அந்த வருஷத்தோடு நின்றேன். அவள் மகள் டீச்சர். பொய்க்காரி பெற்றது என் பேத்தியைப் பொய்க்காரி என்கிறது.

வாங்க: உப்பு, சீனி, முட்டுக்குத் தைலம்.

பிப். 6, வியாழன்

கருங்கல் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போனேன். த.லீ. மகளுக்குத் தாயின் அதே மூக்கு. அதன்மேல் கண்ணாடி வேறு. மற்ற டீச்சர்கள் முன்னாலேயே தாளை நீட்டிக் கேட்டேன்.

"எம் பேத்தி கள்ளியா டீச்சரே?"

"இருங்க பாட்டி. இதப் பாருங்க. தெனம் மூணு இஞ்சு கொறயுது. சனிக்கெழமை அம்பத்தொண்ணு. ஞாயிறும் அம்பத்தொண்ணு. திங்கள் நாப்பத்தஞ்சு. இடையில கெணத்துக்கு லீவா?"

"லீவுதான். ஞாயிறு ஆண்டவரோட ஓய்வுநாள். அன்னிக்கி எங்க வீட்டுல மோட்டாரும் போட மாட்டோம், வாளியும் போட மாட்டோம். சனிக்கெழமையே ரெண்டு மடங்கு எடுத்து டாங்கு நெறச்சிருவோம். ஒங்க வீட்டுல உண்டா அதெல்லாம்?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். இவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சனி காலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவுலதானே பாட்டி நெறைய கொறயணும்? ஞாயித்துக்கும் திங்களுக்கும் நடுவுலதானே அப்பிடியே நிக்கணும்? இங்க திருப்பிப் போட்டிருக்கே."

விரலால் தடவிக் காட்டினாள். கோடு சனியிலிருந்து ஞாயிறுக்கு மட்டமாகப் போகிறது. திங்களுக்குத் தொபுக்கென்று விழுகிறது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம்.

"ஏட்டி, ஞாயித்துக்கெழம கயிறு எறக்கினியா?"

"இல்ல."

"பின்ன அம்பத்தொண்ணு?"

"நீங்கதானே ஓய்வுநாள்ல தொடப்படாதுன்னு கயித்த அலமாரில வச்சுப் பூட்டினிய. சனிக்கெழம உள்ளதயே எழுதினேன்."

"அத டீச்சர்ட்ட சொல்லப்படாதா?"

"எங்க பாட்டி விடல்லன்னா? அப்புறம் ஒங்களயில்லியா சிரிப்பாவ."

மீன்குழம்பு அடிப்பிடித்தது.

பிப். 7, வெள்ளி

ஷைனி டீச்சரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். நான்தான் சொல்லச் சொன்னேன். சனி, ஞாயிறு, திங்கள் மறுபடி அளந்து வந்தால் புதுத் தாள் கண்காட்சிக்குப் போகுமாம். பெரிய மனசுதான். தாய்க்கு இல்லாதது எங்கிருந்து வந்ததோ.

பிப். 8, சனி

காலை முப்பது. வழக்கம்போல டாங்கு இரண்டு தடவை. முட்டுவலி.

பிப். 9, ஞாயிறு

ஆறு மணி. ஷைனியை எழுப்பவில்லை. பூட்டைத் திறந்து கயிற்றை நானே இறக்கினேன். தண்ணீர் கோரவில்லை, அளந்தேன், அவ்வளவுதான். ஆண்டவர் பார்த்தால் பார்க்கட்டும். பார்த்தது அடுத்த வீட்டுக்காரி.

"என்ன சித்தி, ஞாயித்துக்கெழம கெணத்தடியில?"

"ஒன் வீட்டுச் சோலியப் பாரு மக்கா."

ஆராதனை முடிவதற்குள் சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்பார்த்ததுதான்.

இருபத்துநாலு.

பிப். 10, திங்கள்

ஷைனி இறக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். இருபத்துநாலு.

கோடு மட்டம். த.லீ. மகள் சொன்ன அதே இடத்தில்.

தாளின் அடியில் எழுதச் சொன்னேன்: முந்தின வாரம் ஞாயிறு அளக்கவில்லை, தடுத்தது பாட்டி.

சிலேட்டை உடைத்தது தங்கலீலாதான். அது வேறு.