தட்டு நிறையும்வரை

ஆகஸ்ட் 19
மழை விட்டிருந்தது. துணியைக் காயப்போட்டுவிட்டு லேபுக்குப் போய் என் வீட்டுக்காரருடைய ரிப்போர்ட்டை வாங்கி வந்தேன். காரியமெல்லாம் முடிந்தாயிற்று. ரிப்போர்ட்டில் அவர் இறந்த மறுநாள் தேதி.

இன்ஃப்ளூயன்ஸா. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை. அந்த மாத்திரையைத்தான் கடைசிவரை வேளை தவறாமல் கொடுத்தேன். வேறு மருந்து இருக்கிறதாம். இந்த ரிப்போர்ட் இருந்திருந்தால் டாக்டர் மாற்றியிருப்பார்.

சாம்பிள் கொடுத்து ஐந்து நாள் கழித்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள். ஏன் இத்தனை தாமதம்? கவுண்டரில் இருக்கும் தீப்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சாம்பிள் வைக்கிற தட்டுல இடம் காலியா இருந்தா சார் மெஷினை ஓட்ட விடமாட்டாரு, ஆன்ட்டி. கிட் வேஸ்ட்டாகுமாம்."

சார் என்றால் வெங்கடநாராயணன். லேபின் முதலாளி. எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். மாலையோடு வந்து என் வீட்டுக் கூடத்தில் நின்றவன்.

ஆகஸ்ட் 20
அவனை விடக் கூடாது.

ஆகஸ்ட் 23
கீழ்வீட்டு ஷபானா, "கேஸ் போடுங்க டீச்சர், வக்கீலை நான் பார்த்துத் தரேன்" என்கிறாள். போடலாம். வாய்தா வாய்தாவாகப் போகும். எப்போதோ ஒருநாள் அவன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். எனக்கு அது போதாது. அவன் தினமும் வேகணும்.

ஆகஸ்ட் 26
லேபில் போய் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போடவில்லை. ஆயுசெல்லாம் சயின்ஸ் நடத்தியவளுக்குச் சத்தம் எதற்கு? காய்ச்சலோடு யார் வந்தாலும் அன்பாக, இந்த ஊர் வங்காளியில் விளக்கினேன். "ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், இல்லையா? இங்கே மெஷினும் அப்படித்தான். நீங்கள் முதல் ஆளாக ஏறியிருந்தால்? மெஷின் எப்போது ஓடும் என்று மட்டும் கேளுங்கள்."

கேட்டார்கள். தீப்தி உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையோடு வந்த ஒருவர் "பாலோ போல்லேன், மாஷிமா", நல்லவேளை சொன்னீர்கள் அம்மா, என்று கும்பிட்டுவிட்டு வேறு லேபுக்குப் போனார்.

எத்தனை இனிப்பாக இருந்தது!

செப்டம்பர் 2
வெங்கடநாராயணன் உள்ளறையிலிருந்து வந்தான்.

"என்ன டீச்சர் இது? இந்த வெயில்ல வந்து உட்கார்ந்துண்டு..."

"வெயில் உள்ள வரலை சார். ஏசி நல்லா இருக்கு."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடறேளே!"

"ஆமா."

அடுத்து வந்தவரிடம் ஷேர் ஆட்டோ கதையை ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 9
நாற்காலியை எடுத்துவிட்டான். நின்றேன். ஜனங்கள் பார்க்கவும் அவனே கொண்டுவந்து போட்டான்.

செப்டம்பர் 16
வாசலில் புது அறிவிப்பு. காய்ச்சல் சாம்பிள் ஒன்றே ஒன்று வந்தாலும் அன்றே ஓட்டுவார்களாம்.

"ஜெயிச்சுட்டீங்க ஆன்ட்டி" என்றாள் தீப்தி.

ஜெயித்தேனா? அவன் திருந்தணும்னா நான் போனேன்? அவன் உருப்படக் கூடாது — அவ்வளவுதான். நாளையும் போவேன்.

செப்டம்பர் 21
உடம்பு முறித்துப் போடுகிறது. இருமல். அங்கே வருகிறவர்களிடமிருந்துதான் ஒட்டியிருக்கும்.

செப்டம்பர் 22
நல்ல காய்ச்சல். "அவன் லேபு வேண்டாம்மா" என்று கெஞ்சினேன். "சும்மா வாங்க டீச்சர்" என்று ஷபானா ரிக்‌ஷாவில் ஏற்றி அங்கேதான் கொண்டுபோனாள்.

செப்டம்பர் 27
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. பூஜைப் பந்தலில் மேளம் கேட்கிறது.

எனக்கும் அதே அடங்காத வகை. அன்று மாலையே ரிப்போர்ட் வந்து டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது.

வெங்கடநாராயணன் ஆரஞ்சுப் பையோடு வந்தான். "பொழைச்சேளே டீச்சர், அது போதும். உங்க சாம்பிளை நானே தனியா ஓட்டினேன்."

"எவ்வளவு நேரமாச்சு சார்?"

"ஒன்றரை மணி நேரம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. முகம் அப்படியே தொங்கிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேச நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஷபானா டீ வைத்துவிட்டுப் போனாள். அது ஆடை கட்டும்வரை வெங்கடநாராயணன் எழுந்திருக்கவில்லை. நானும் அவரைப் போகச் சொல்லவில்லை.