நான் தாண்டிப் போன வரி

இன்று மதியம் புரட்டாசியின் முதல் மழை விழுந்தது. பெரிய மழை ஒன்றுமில்லை. தெருப் புழுதியை அடக்கிவிட்டுக் கிழக்கே போய்விட்டது. நான் அஞ்சலகத்தில் ஒரு பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். நனைந்த கரிசல் மண்ணின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. அந்தத் தபாலைப் பையில் போட்டு அடுத்ததை எடுத்த பிறகுதான் கவனித்தேன், என் கை நிற்கவே இல்லை. ஒரு காலத்தில் அந்த வாசனை வந்தாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவேன். உனக்கு இது தெரியாது. நீ போன பிறகு நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே ஆவணியில் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். நீ கயத்தாறு பக்கத்திலிருந்து, நான் விளாத்திகுளத்துக்குத் தெற்கேயிருந்து. ரேஷன் கடை வரிசையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறது. "ஏட்டி, உன் மாமியா குழம்புல உப்பு கூடப் போடுதாளா, கம்மியாப் போடுதாளா?" அன்றிலிருந்து நீ எனக்கு ஏட்டி, நான் உனக்கு ஏட்டி. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை.

உன் வீட்டுக்காரர் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போய்விடுவார். என் வீட்டுக்காரர் லாரியோடு போய்விடுவார். இரண்டு பேருடைய நிலத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. நான் மதியம் அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு வருவதற்குள் என் மிளகாய்ச் செடிகளிலும் பாதி நிரை பறித்து வைத்திருப்பாய். கேட்டால், சும்மா நிற்கக் கை வரவில்லை என்பாய்.

அந்தப் பங்குனி மாதத்து மத்தியானத்தைப் பற்றி ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே மாதிரிதான் சொன்னேன். மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். மேற்கே இருட்டியது. களத்தில் காய்ந்த வத்தலை மூட நீ தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனாய். ஒரு வெளிச்சம், உன் மேல் இடி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். உன் வீட்டுக்காரரிடமும் இப்படித்தான் சொன்னேன். காவல் நிலையத்திலும் இப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு மேகம் ஆகாமல் போயிற்று. நம் ஊரில் இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டா? வானத்தை நம்பி விதைக்கிற ஊர். கையகல மேகம் வந்தால் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். நான் கதவைச் சாத்துவேன். ஐப்பசியில் ஊரே மழைக்கு வேண்டிக்கொள்ள, நான் மட்டும் பெய்யக்கூடாது என்று வேண்டினேன். அஞ்சலகத்தைப் பாதி நாள் திறக்கவில்லை. முதியோர் பணம் வாங்க வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்து திரும்பிப் போனார்கள். மேலிடத்துக்குப் புகார் போயிற்று. நிலத்தைத் தரிசாகப் போட்டேன். உன் வீட்டு வாசல் வழியே போகக் கூடாது என்பதற்காகக் கம்மாய்க்கரையைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். கயிறு கட்டினார்கள், திருநீறு போட்டார்கள், தூங்க மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடம் போனது.

கடைசியில் வேலையே போய்விடும் என்ற நிலையில் என் வீட்டுக்காரர் என்னை வண்டியில் உட்கார வைத்துக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு மருத்துவர் என்னை உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது சின்ன அம்மா அவர். திருநெல்வேலிப் பேச்சு. நான் நினைத்தது, ஆறுதல் சொல்வார், தைரியமாயிருங்கள் என்பார் என்று. அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் விளக்கினார்.

"இது நானா யோசிச்ச வழி இல்லக்கா. உங்கள மாதிரி நெறைய பேருக்குச் செஞ்சு பாத்து, செய்யாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்து, பலன் இருக்குன்னு தெரிஞ்ச முறை. ஆனா உங்களுக்குப் பலிக்குதான்னு வாராவாரம் அளந்துதான் பாக்கணும். பலிக்கலைன்னா மறைக்க மாட்டேன், வழிய மாத்துவோம்."

வாரம் ஒரு நாள். போனவுடன் ஒரு தாளில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். தூக்கம் எப்படி, எதையெல்லாம் தவிர்த்தேன், அந்த நாள் எத்தனை முறை தானாக வந்து நின்றது. பிறகு அந்த நாளை நான் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதைப் போல. சொன்னதைக் கைபேசியில் பதிந்து கொடுப்பார். வீட்டில் தினமும் அதைக் கேட்க வேண்டும். முதல் வாரம் கேட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். இதுவா வைத்தியம் என்று என் வீட்டுக்காரர் கோபப்பட்டார். நானும் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். நினைவைத் தொடாமல் வைத்திருப்பதால்தான் அது அப்படியே இருக்கிறது, தொட்டுத் தொட்டுத்தான் அதன் சூடு தணியும் என்று அந்த நிபுணர் பொறுமையாக விளக்கியதால் அடுத்த வாரமும் போனேன்.

பயத்தையும் ஆபத்தையும் பிரித்துக் காட்டினார். இடி இடிக்கும்போது வெட்டவெளியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போவது நோய் இல்லை, புத்தி. வெயில் அடிக்கிற நாளில் மழை வாசனைக்கு மேசைக்கடியில் போவதுதான் நாம் மாற்ற வேண்டியது. அதற்காகச் சிறியதிலிருந்து பெரியது வரை ஒரு வரிசை எழுதினோம். மேகப் படம் பார்ப்பது. இடிச் சத்தத்தைக் கைபேசியில் கேட்பது. தெளிந்த நாளில் நம் வரப்பில் போய் நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, நான் எழுதியது உன் வீட்டுக்குப் போவது.

நாலாம் வாரம் வரை தாளில் எண் குறைந்தது. ஐந்தாம் வாரம் கூடிவிட்டது. அவர் அதை என் முன்னாலேயே வைத்துப் பார்த்தார். பிறகு என் பதிவுகளை எல்லாம் கேட்டதாகச் சொன்னார்.

"மேகம் இருட்டுதுன்னு சொல்லுதீங்க. அடுத்தாப்ல அவங்க தார்ப்பாயத் தூக்குதாங்க. ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்தத் தாண்டிப் போறீங்க. அங்கன என்ன இருக்கு?"

ஏட்டி, இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மேற்கே இருட்டியதும் நீ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாய். போகலாமா என்பதுபோல என்னைப் பார்த்தாய். நான்தான் சொன்னேன், "இந்த நிரைய முடிச்சிட்டுப் போவோம்."

என் மேல் தப்பில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர் கேட்டது வேறு. அந்த நிமிடத்தில் எனக்கு என்ன தெரியும், பிறகு என்ன தெரிந்தது? அந்த வருடம் எத்தனை முறை மேற்கே இருட்டி, நிரையை முடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறோம்? எண்ணிப் பார்த்தால் எண்ணவே முடியவில்லை. மழை பெய்தால் களத்தில் கிடக்கும் பழம் கறுத்துப் போகும் என்பதுதான் அன்று நம் இருவருக்கும் இருந்த ஒரே பயம். கடைசியாகக் கேட்டார்: "நீங்க அப்படிச் சொன்னதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

தெரியவில்லை என்றேன். என் நினைவில் என் குரல் மட்டும்தான் இருந்தது.

அன்று முதல் அந்த வரியையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். வீட்டில் கேட்டேன், அடுத்த வாரம் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல, மூடிக் கிடந்த அந்தச் சில நிமிடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தன. உன் சேலை முந்தியில் ஒட்டியிருந்த மிளகாய்க் காம்பு. நீ முழங்கையால் நெற்றியைத் துடைத்தது. ஒரு நாள் அடுப்படியில் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் குரல் வந்தது. "ஆமா, நனைஞ்சா கரைஞ்சு போவதுக்கு நாம என்ன சீனியா?" சொல்லிவிட்டு நீ சிரித்தாய்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழவில்லை. இரண்டரை வருடமாக நான் உன்னை நினைத்த போதெல்லாம் நீ கீழே கிடந்தாய். அன்றுதான் எழுந்து நின்று என்னிடம் பேசினாய். நான் சொல்லி நீ நின்றாய் என்று நினைத்திருந்தேன். நீயும் நிற்க நினைத்துத்தான் நின்றாய்.

உன் வீட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். உன் வீட்டுக்காரர் ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரி உட்பட. அவர் குட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "அன்னைக்குக் காலைல நான் போன்ல சொன்னேன், இன்னைக்குப் போகாதன்னு. கேட்டாளா? யாரு சொல்லி அவ கேட்டிருக்கா, தங்கச்சி?" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "நீ இந்தப் பக்கம் வராமப் போனதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவளப் பத்திப் பேச எனக்கு வேற ஆளு யாரு இருக்கா?"

என் பயம் எனக்கு மட்டும்தான் இழப்பு என்று நினைத்திருந்தேன், ஏட்டி. அன்று மதியம் வரை அவரும் நானும் உன்னைப் பற்றியே பேசினோம்.

கடைசி அமர்வில் கோவில்பட்டி டாக்டரம்மா என்னையே ஒரு தாள் எழுத வைத்தார். திரும்ப வந்தால் எப்படித் தெரியும், வந்தால் என்ன செய்வேன் என்று. குணமானவளிடம் இதை ஏன் எழுதச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. மறு வருடம் பக்கத்து ஊரில் ஆடு மேய்த்த ஒருவர் இடி விழுந்து இறந்தார். அந்த வாரம் நான் மறுபடியும் கம்மாய்க்கரை வழியே சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் அதை நானே கண்டுகொண்டேன். தாளை எடுத்துப் படித்தேன். மறுநாள் நேர்த் தெருவில் நடந்தேன், அந்த நாளை மறுபடி வாய்விட்டுச் சொன்னேன். பத்து நாளில் சரியாயிற்று. கோவில்பட்டிக்குப் போகாமலே சரியாயிற்று. போன் செய்து சொன்னபோது, இதற்குத்தான் இத்தனை பாடும் என்றார். அதற்குப் பிறகு மூன்று ஐப்பசி போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். திருநெல்வேலியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். நீ போனபோது பிளஸ் ஒன். என்னோடு மிளகாய்க் காட்டுக்கு வந்தவள் வரப்பில் நின்றுகொண்டு, "அன்னைக்கு நடந்தத எனக்கு யாரும் முழுசாச் சொன்னதில்ல சித்தி. நீங்க சொல்லுங்க. எனக்காகச் சுருக்காதீங்க" என்றாள்.

சொன்னேன். எதையும் தாண்டாமல் சொன்னேன், கோவில்பட்டி வைத்தியம் வரை. கேட்டுவிட்டு அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். அன்று காலை பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று நீ சொன்னதற்குச் சண்டை போட்டாளாம். சாப்பிடாமல், போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் பள்ளிக்குப் போய்விட்டாளாம். இத்தனை வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஒன்றுமில்லைடி என்ற வார்த்தை என் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். முழுசாச் சொல்லு, நான் கேட்கிறேன் என்றேன். என்ன உடுத்தியிருந்தாய், நீ என்ன கத்தினாய், அவள் கதவை எப்படிச் சாத்தினாள், எல்லாம் சொன்னாள். நடுவில் கோவில்பட்டி பஸ் போயிற்று. அவள் ஏற வேண்டிய பஸ் அதுதான். நாங்கள் அசையவில்லை.

அவள் முடித்த பிறகுதான் நான் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அன்று இரண்டாம் நிரை பறிக்கும்போது நீ சொன்னது: "சின்னக் கழுத சாப்பிடாமப் போயிட்டா. டூருக்குப் போயிட்டு வரட்டும்னு இருக்கேன் ஏட்டி, அவிய அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

அந்த நாளைத் தொடவே மாட்டேன் என்று நான் இருந்திருந்தால் இதுவும் என்னோடு மூடிக் கிடந்திருக்கும். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த டாக்டரம்மா இப்பவும் கோவில்பட்டியில் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். நானும் கூட வரவா என்றேன். வேண்டாம், நானே போய்க்கொள்வேன் என்று சொல்லி, அடுத்த பஸ்ஸுக்கு எழுந்து முகம் கழுவப் போனாள்.