வியாபாரத்தில் பிடிபட்ட இஸ்திரி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கையும் இங்கே சுகம். நீயும் மருமகளும் என் வாயாடிப் பேத்தியும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். முழங்கை வலி அப்படியேதான் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர், அப்புறம் உங்கள் வெள்ளைக் கோட்டுக்கு யார் மடிப்பு எடுப்பது என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். உன் தங்கைக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பகல் வேலை, அதனால் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறது. நம் இஸ்திரிக் கடைக்கு எதிரே இருக்கும் விடுதிக்காரர்கள் படுக்கை விரிப்புகளை எல்லாம் என்னிடமே போடுகிறார்கள், நிமிர நேரமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "பெரியப்பா மனசு ஏன் நோகணும்மா, அவளுக்கு இங்கிலீஷ் பைபிளே வாங்கிக் குடுத்துடறேன், பிரச்சனை முடிஞ்சுது" என்றாய். உனக்கு முடிந்துவிட்டது, சரி. எனக்கு முடியவில்லை. லீவுக்கு வந்திருந்தபோது அன்று சாயங்காலம் நீயும் மருமகளும் வெளியே போயிருந்தீர்கள், பெரியப்பா சொன்ன கதைதான் உனக்குத் தெரியும். "பிள்ளை வேதத்தைக் கேலி பண்ணிடுச்சு" என்று சொல்லியிருப்பார். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன், கேள்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஜெபம். ஆளுக்கு இரண்டு வசனம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டே வந்தோம். வாயாடியின் முறை வந்தபோது, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய இழுத்து வருகிற இடமாகப் பார்த்து வந்து தொலைத்தது. பெரியப்பா வைத்திருப்பது பழைய மொழிபெயர்ப்பு, அதில் அந்தப் பெண்ணை ஸ்திரீ என்றுதான் போட்டிருக்கும். நம் பிள்ளை எழுத்துக் கூட்டித்தானே வாசிக்கும், விபசாரத்தை வியாபாரம் என்று வாசித்தாள், ஸ்திரீயை இஸ்திரி என்று வாசித்தாள். வியாபாரத்தில் பிடிபட்ட இஸ்திரி. கூடமே சிரித்தது, பொய் சொல்லக் கூடாது, நானும்தான் சிரித்தேன். பெரியப்பா மட்டும் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடி, "இது விளையாட்டுச் சாமான் இல்லை" என்று ஓர் அதட்டுப் போட்டார். அவள் அழுதாள். அதட்டியதற்குத்தான் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "பாட்டி, நீ வியாபாரம் பண்றது தப்பா? உன்னை ஏன் கல்லால அடிக்கணும்னு சொன்னாங்க?" என்று. இந்தத் தெருவில் என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, இஸ்திரியம்மா, இஸ்திரிப் பாட்டி, அவ்வளவுதானே. அந்தக் குழந்தை அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, தன் பாட்டியைத்தான் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்து வாசித்திருக்கிறது, நாங்கள் சுற்றி உட்கார்ந்து சிரித்திருக்கிறோம். இல்லடி தங்கம், அது வேறு யாரோ என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்டுக்கொண்டாள், ஆனால் தமிழ் பைபிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்வரை ஒரு கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை, நீ கவனித்தாயா?

மறுநாளே பெரியப்பாவிடம் போனேன். பிள்ளைக்குப் புரிகிற மாதிரி புது மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கித் தரப்போகிறேன் என்றேன். "பழசுதான் அசல் வேதம், மத்ததெல்லாம் கலப்படம்" என்றார், சபை மூப்பர் ஆயிற்றே. ஆண்டவர் முதல் வார்த்தையையே தமிழில்தான் பேசினார் போலிருக்கிறது, அதிலும் உன் பெரியப்பா வயதுத் தமிழில். பழையதை நான் குறை சொல்வேனா, என் காதில் இருக்கிற ஓசையே அதுதான், சாகிறவரைக்கும் என் தலைமாட்டில் அதுதான் இருக்கும். ஆனால் எனக்குப் பழகிய செருப்பை அவள் காலில் மாட்டி நட நட என்றால் விழத்தானே செய்வாள்.

புத்தகக் கடையில் போய் உட்கார்ந்து அதே பகுதியை ஒவ்வொன்றிலும் வாசித்துப் பார்த்தேன், கடைக்காரர் அலுத்துப்போய் விசிறியை நிறுத்திவிட்டார். படம் போட்ட ஒன்று இருந்தது, அதில் வெள்ளத்தில் மூழ்குகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே மூழ்குகிறார்கள், அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நான் எடுத்ததில் பெண் என்றே இருக்கிறது. அவள் வியாபாரம் என்று வாசித்தாளே, அந்த இன்னொரு சொல் இதிலும் இருக்கிறது, அர்த்தம் கேட்டால் நீயே சொல்லிக்கொள், அதை என் தலையில் கட்டாதே.

ஆங்கிலத்தில் வாசித்தால் என்ன என்கிறாய். தாராளமாக வாசிக்கட்டும், அதுவும் ஆண்டவருக்குத் தெரிந்த பாஷைதான். ஆனால் அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது இந்தத் தமிழ் ஒன்றுதான். அதைப் பார்த்து அவள் பயந்துவிட்டால், கொஞ்ச நாளில் போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், அவள் ம் என்பாள், அதோடு சரி. அதற்கு நான் விடமாட்டேன். உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது பெரியப்பா வந்து இரங்கும், தாரும், தேற்றியருளும் என்று அழகாகத்தான் ஜெபித்தார். அவர் ஜெபித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகு எனக்கு அந்தச் சொற்கள் ஒன்றுமே வாயில் வரவில்லை, "ஆண்டவரே, இவருக்கு ரொம்ப வலிக்குது, கொஞ்சம் தூங்க விடுங்க" என்றுதான் வந்தது. உன் அப்பா கண்ணைத் திறந்து, "அதையே இன்னொரு தடவை சொல்லு" என்றார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இனி எந்த மூப்பர் வந்து சொன்னாலும் எனக்கு ஏறாது.

நம் வீட்டில் ஒரு பிள்ளைக்கு முதல் பைபிள் கொடுக்கும்போது மூத்த ஆண்தான் முன்பக்கத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம் அல்லவா, இதில் போடமாட்டேன் என்று பெரியப்பா புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். சபையில் வேதம் வாசிக்கிற முறையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு நிற்கிற சட்டைக்கு இன்னமும் நான்தான் மடிப்பு எடுக்கிறேன், அதை நிறுத்தமாட்டேன், எனக்கு அவர்மேல் கோபம்தான், பகை இல்லை. பெயரை நானே எழுதினேன். கீழே இஸ்திரிப் பாட்டி என்று கையெழுத்தும் போட்டேன். உன் தங்கை பார்சல் கட்டி அனுப்பிவிட்டாள், இந்தக் கடிதத்தோடு வந்து சேரும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக, உன் கையின் வேலை தழைக்கட்டும், மருமகளுக்கு என் முத்தம். குளிர் காற்றில் பிள்ளைக்குக் காதை மூடிவிட மறக்காதே. பார்சலை அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதே, பிரிக்காமல் அவள் கையில் கொடு. பெரியப்பாவா அம்மாவா, நான் யார் பக்கம் நிற்பது என்று கேட்டாயே, நீ யார் பக்கமும் நிற்க வேண்டாம் கண்ணா. அவள் வாசிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு, தப்பாக வாசித்தால் சிரிக்காதே.

இப்படிக்கு,
யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போகாத
உன் அம்மா